இரண்டரைச் சுற்று

சுருள்வில்லில் இரண்டரைச் சுற்று குறைகிறது.
அறுத்த முனையில் ரம்பத்தின் பல்தடம்,
துரு இன்னும் ஏறாத இடத்தில்
ஒரு பையனின் அவசரம் பளபளக்கிறது.
அளந்து எழுதுகிறேன். என் பிழைப்பு அது.

வேல்ஸில், மழை விடாத அபெர்டேரில்,
கட்டியிழுத்து வந்த வண்டிகளின் கொட்டகை.
மூன்றாம் வரிசையில் இந்த கோர்ஸா
வயிறு தரையில் உரச
எலிக்குப் பதுங்கிய பூனைபோல் கிடக்கிறது.
நச்சுப்புகையை வடிக்கும் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில்
வெறுங்குழாய்.
கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால்
தெரிவது என் முகம்தான்.

பாலிசி விண்ணப்பத்தில் பதினான்காம் கேள்வி:
வண்டியில் மாற்றம் ஏதும் செய்ததுண்டா?
‘ஆம்’ என்றால்
வருடத்துக்கு அறுநூறு பவுண்டு கூடுதல்.
‘இல்லை’ என்பதற்குக் காசில்லை,
அன்றைக்கு.

கெதின் ப்ராதரோ, பத்தொன்பது வயது,
ரொட்டி ஆலையில் இரவு ஷிப்ட்.
விடிகாலை மலைப்பாதை வளைவில்
நடுரோட்டில் ஓர் ஆடு,
யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஆடு.
வேகம் முப்பதைத் தாண்டவில்லை;
பின்னால் வந்த பஸ்ஸின் கேமரா சாட்சி.
வில் அறுக்காத வண்டியும் இப்படித்தான் திரும்பியிருக்கும்
என்று நானே அறிக்கையில் எழுதினேன்.
ஆடு பிழைத்துக்கொண்டது.
சுவரோரம் கடிதம் பிரித்துக்கொண்டிருந்த
தபால்காரி லோவ்ரியின் முழங்கால்
பிழைக்கவில்லை.

அவளுக்குக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். சட்டம்.
கொடுத்ததை இவனிடம் வசூலிக்கலாம். அதுவும் சட்டம்.
மாதம் எண்பது பவுண்டு என்று வைத்தாலும்
முடிக்கும்போது இவனுக்கு
என் வயதாகியிருக்கும்.

வேலைச் சப்பாத்தை எடுத்துப்போக வந்தான்.
“ஆடுதானே குறுக்கே வந்துச்சு?”
“ஆமாம்.”
“அப்ப வில்லு என்ன பண்ணுச்சு?”
“ஒன்னும் பண்ணலை.”
“பின்னே?”
பதினான்காம் கேள்வியைத் திருப்பிக் காட்டினேன்.
படிக்கத் தெரியாதவன்போல்
வெகுநேரம் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு டிக்கியைத் திறந்தான்.
பழைய ரக்பி சட்டையில் சுற்றி
எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்திய
அறுபட்ட துண்டுகள்.
“இதைத் திருப்பி ஒட்டிட்டா
செல்லுமா, மேடம்?”

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
அதைச் சாக்கிட்டு
காதில் விழாத மாதிரி இருந்தேன்.
ஒரு துண்டைக் கையில் வாங்கி,
பழக்கதோஷம், எண்ணினேன்.

இரண்டரைச் சுற்று.
கணக்கு
சரியாக இருந்தது.