முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு

முதலில் தெரிந்தது ஒரு பிளாஸ்டிக் பை.
ஜாலான் பஹார் வளைவில், இரவு பதினொன்றே முக்காலுக்கு,
முழங்கால் உயரத்தில், ஆளில்லாமல்,
வெள்ளையாக, தானாக
எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

மழை அப்போதுதான் விட்டிருந்தது.
ஈரத் தார் என் முகப்பு விளக்கையெல்லாம்
குடித்துவிட்டுப் பளபளத்தது.
பன்னிரண்டு மீட்டர் பேருந்து. கடைசி நடை.
உள்ளே ஏழு பேர், அதில் ஆறு பேர் தூக்கம்.
கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது.
பத்தொன்பது வருடக் கால்,
என்னைவிட அதற்கு மூளை அதிகம்.
யாருடைய தண்ணீர்ப் போத்தலோ பின்வரிசையிலிருந்து
உருண்டு உருண்டு வந்து
என் இருக்கையில் முட்டி நின்றது.

பிறகுதான் பைக்கு மேலே ஒரு கை,
கைக்கு மேலே கறுப்பு மழைச்சட்டை,
அதற்கும் மேலே
திரும்பிப் பார்த்த ஒரு முகம்.
இருட்டு அவனை எனக்குத்
தவணை முறையில்தான் தந்தது.

ஹாரன் அடித்தேன். நீளமாக.
சைக்கிளைப் புல்மேல் ஏற்றி நின்றான்,
வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி.
சன்னலைத் திறந்து திட்டினேன்.
தமிழ் ஆளா என்றெல்லாம் பார்க்கவில்லை,
கோபம் வந்தால் எனக்கு வேறு மொழி வராது.
விளக்கு எங்கேடா?
முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு,
அவ்வளவுதானே கேட்கிறது சட்டம்?

"போயிருச்சுக்கா."
விடுதி வாசலில் பூட்டிவைத்தால்
விடியும்போது சைக்கிள் இருக்கிறது, விளக்கு இருப்பதில்லை.
இது மூன்றாவதாம்.
சைக்கிளும் அவனுடையது மட்டுமில்லை.
நான்கு பேர் பங்கு, ஆளுக்கொரு வேளை.
மற்ற மூவரும் பகல் வேலை,
விளக்குக் காசில் அவர்கள் சேரமாட்டார்கள்.
பையில் இரண்டு கிலோ வெங்காயம், ஒரு தேங்காய்.
"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்க்கா" என்றான்.

உனக்குத் தெரிவதற்கா விளக்கு?
நீ எனக்குத் தெரிவதற்கு.

வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.
பேர் என்ன?
"இருளப்பன்."

கோபத்தின் நடுவில் சிரிப்பு வந்தால்
அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?
தூங்காத ஏழாவது ஆள், கண்ணாடி போட்ட சீனப் பெரியவர்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
சன்னலை மூடினேன்.

இனிச் சொல்லப்போவதை
டிப்போவில் யாரிடமும் சொல்லவில்லை.
என் வீட்டுக்கும் டிப்போவுக்கும் இருபது நிமிடம், சைக்கிளில்.
பின்விளக்குக்கு பேட்டரி போய்ச்
செவ்வாயோடு ஒரு வாரம்.
மாற்றணும், மாற்றணும்.

அன்று தள்ளிக்கொண்டே நடந்தேன்,
நியாயமான மனுஷிபோல.
பயனியர் ரோடு வரைக்கும் நியாயம் தாங்கியது.
அப்புறம் முழங்கால் வலித்தது, ஏறிவிட்டேன்.

பாலத்துக்கடியில் ஒரு டாக்சி
முழங்கையை உரசுகிற மாதிரிக் கடந்து போனது.
ஹாரன் அடிக்கவில்லை.
திட்டவில்லை, வேகம் குறையவில்லை,
பிரேக் விளக்கு ஒரு தரம்கூடச் சிவக்கவில்லை.
இறங்கி, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் நின்றேன்.
அந்த டாக்சிக்காரர் வீட்டுக்குப் போய்
நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.
அவர் கணக்கில்
அந்தச் சாலையில் யாரும் இல்லை.

காலையில் கடை திறந்ததும் பேட்டரி வாங்கினேன்.
மூன்று வெள்ளி இருபது காசு.

ஒன்பது நாள் கழித்து அதே வளைவு,
அதே பை.
இந்தத் தடவை வெங்காயம் இல்லை, தேங்காய் இல்லை.
காற்றடைத்து, வாயை முடிந்து,
கேரியரில் கட்டியிருந்தான்.
ஒரு சின்ன நிலாபோலத் துள்ளிக்கொண்டே போனது.

பின்னால் வெள்ளை.
சட்டப்படி தப்பு.

வேகத்தைக் குறைத்து,
ஒரு முழுத் தடம் விலகி,
தாண்டினேன்.