தெரிந்தே

அவன் பெயர் எனக்குத் தெரியும்.
எழுதக் கூடாது.
சிறுவர் வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தால்
இரண்டு எழுத்து போதும்: வி.என்.
பள்ளிச் சட்டைப்பையில் நூலால் தைக்கிற அளவு.

சாக்ரமென்டோவில் நான்காம் மாடி,
என் மேசைக்கு ஸ்டாக்டன் நகரம்
எழுநூற்றுப் பதினாறு பக்கங்களாக வந்தது.
முகம் வரவில்லை.
ஒரு பேருந்து நிறுத்தம், இரவு ஒன்பது இருபது,
பதினைந்து வயதுக்காரன்
பதினேழு வயதுக்காரனின் ஸ்கூட்டர் கைப்பிடியைப் பற்றி
"இறங்கு" என்றான்.
அவ்வளவுதான் அவன் பேசியது.
அது திருட்டா வழிப்பறியா என்பது
இறங்கியவன் பயந்தானா என்பதில் இருக்கிறது.

பக்கம் இருநூற்றுப் பதினொன்று.
பயமாக இருந்ததா, தேடியஸ்?
"கேட்கும்படி பதில் இல்லை"
என்று பதிந்திருக்கிறார் சுருக்கெழுத்தாளர்.
தலையசைத்தானா, தரையைப் பார்த்தானா,
தன்னைவிட ஒரு சாண் குள்ளமானவனுக்குப் பயந்தேனென்று
சொந்த அம்மா முன்வரிசையில் இருக்கும்போது
எந்தப் பையன் வாய்விட்டுச் சொல்வான்?
மூன்று நாள் அந்த ஒரு வரியிலேயே கிடந்தேன்.
பிறகு "பயம்" என்று எழுதினேன்.
அப்படித்தான் எழுத வேண்டும்.
சாட்சியத்தை மேலே நாங்கள் மறுபடி நிறுப்பதில்லை.
தராசு கீழ்க்கோர்ட்டில்.
எங்களிடம் இருப்பது எடைச்சீட்டு.

அடுத்தது, வீடா முகாமா.
நன்னடத்தை அதிகாரி கெர்ட்ரூட் லிண்ட்க்விஸ்ட் அறிக்கை:
தாய் இரவு முழுக்க டோனட் கடையில் மாவு பிசைகிறாள்,
வீட்டில் ஆளில்லை,
சிறுவன் மரியாதையானவன், ஆனால் மனம் திறப்பதில்லை.
அந்த "ஆனால்" முந்நூறு நாள்
மலையடிவாரத்தில் கம்பி வேலிக்குள் கழிந்தது.

தாய் கெமர் மொழியில் நான்கு நிமிடம் பேசினாளாம்.
மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்து சேர்ந்தது மூன்றே வரி.
பகல் வேலைக்கு மாறிக்கொள்கிறேன்.
நானே பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன்.
அவனுக்கு வேர்க்கடலை ஆகாது, எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் தீர்ப்பைத் தொடும்போது
வி.என். முகாம் முடித்து வீடு திரும்பி ஐந்து வாரம்.
நடந்து முடிந்ததை நாங்கள் தீர்ப்பதில்லை.
ஒரு பத்தி, ஓர் அடிக்குறிப்பு, அத்தோடு சரி.

மிஞ்சியது பதினான்காம் நிபந்தனை:
நன்னடத்தைக் காவலில் உள்ள எவருடனும் பழகக் கூடாது.
யார் காவலில் என்று நெற்றியிலா ஒட்டியிருக்கிறது?
கூடைப்பந்துக்கு ஓர் ஆள் குறைகிறது, வா என்பவனிடம்
கோர்ட் தாளைக் காட்டச் சொல்லவா முடியும்?
மூன்று நீதிபதிகளும் ஒத்துக்கொண்டார்கள்.
ஒரு சொல் சேர்த்தோம்.
"தெரிந்தே" பழகக் கூடாது.

திருத்தத்துடன் உறுதி செய்யப்படுகிறது.

பதினான்கு மாதத்தில் நாங்கள் கொடுத்தது அது.
நல்ல சொல்தான், குறை சொல்லவில்லை.
நாளைக்கு ஒரு போலீஸ்காரன் நிறுத்தினால்
பையனுக்கும் சிறைக்கும் நடுவே
அந்த நான்கெழுத்து நிற்கும்.

கோப்பைக் கட்டுமுன்
எதற்கோ முகாமுக்கு அனுப்பிய படிவத்தைத் தேடி எடுத்தேன்.
பக்கம் அறுநூற்று நாற்பது.
ஒவ்வாமை: இல்லை.
நீல மையில் அழுத்தமான ஒரு டிக்.

மேல்முறையீட்டில் அது எழுப்பப்படவில்லை.