பனிக் கழிவு

கசன்லாக்கிலிருந்து வேன் கிளம்பியபோது மணி நாலரை.
உள்ளே பதினோரு பேர், ஒரு நாய்,
வெங்காயத்தாள் வாசனை.
ரோஜாவைப் பற்றி யாரும் பேசவில்லை.
பேச்செல்லாம் யாருடைய மருமகளோ
ஜெர்மனிக்குப் போய்த் திரும்பாத கதை.

வயலில் இறங்கினோம்.
இருட்டில் முதலில் மூக்குக்குத்தான் விடிந்தது.
பிறகு மலையின் விளிம்பு,
அப்புறம் இளஞ்சிவப்பு, வரிசை வரிசையாக.
இடுப்புவரை ஈரம்.

"இழுக்காதே, கழுத்தை ஒடி" என்றாள் ஜும்பியூலா.
அவள் பெயரே வேறொரு பூவின் பெயராம்.
"அதை யாரும் கிலோக் கணக்கில் வாங்குவதில்லை,
பிழைத்தது."
அவளுடைய இரண்டு கையும் இரண்டு ஆட்கள்;
ஒன்று ஒடிக்கும்போதே மற்றது அடுத்த செடியில்.
பூவுக்கொரு முள் என்ற கணக்கில்
நான் பின்னால் ஊர்ந்தேன்.

வெயில் ஏறினால் எண்ணெய் பறந்துவிடும்.
ஒன்பதரைக்குள் எல்லாச் சாக்கும்
தராசுக்கு வந்தாக வேண்டும்.
எடை போடுகிறவர் பெயர் கெஞ்சோ.
என் மொழியில் அது எப்படிக் கேட்கும் என்று
நான் சொல்லவில்லை.
வரிசையில் நின்ற முகங்களில் அது இருந்தது.

"முப்பத்திரண்டு" என்றார்.
எழுதும்போது இருபத்தொன்பது.
"பனிக்குக் கழிவு."
யாரும் வாய் திறக்கவில்லை.
ஜும்பியூலா மட்டும் ஏப்ரனை உதறிக்கொண்டே,
இன்று மழை வராது என்பதுபோலச் சொன்னாள்:
"பனியையும் நான்தானே சுமந்து வந்தேன்."

கெஞ்சோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதிலும் பனி.
இருபத்தொன்பதை அடிக்கவில்லை.
ஓரத்தில் ஒரு புள்ளி விழுந்தது.
எதையோ எழுத வந்தாரா, பேனா கசிந்ததா,
தெரியாது.

என் பையில் மூன்று கிலோ.
அவள் கணக்கில் சேருங்கள் என்றேன்.
கூடாதாம். பறித்த கைக்குத்தான் சீட்டு.
கிடைத்த காசை அவளிடம் நீட்டினேன்;
கூச்சமில்லாமல் எண்ணி வாங்கிக்கொண்டு
பாதி ரொட்டியும் உப்புப் பாலாடைக்கட்டியும் தந்தாள்.
ரொட்டி முழுக்க ரோஜா மணம்.
நான் ஆகா என்றேன்.
அவள் வெங்காயத்தாளை நறுக்கென்று கடித்து,
"ஜூன் முடியும்வரை எதைத் தின்றாலும் இதுதான்.
சோப்புத் தின்கிற மாதிரி" என்றாள்.
நாய்கூட அந்த ரொட்டியை முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

சோஃபியா பஸ்ஸில் சட்டைப்பையைத் துழாவினால் அந்தச் சீட்டு:
மூன்று கிலோ. கழிவு முந்நூறு கிராம்.
ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில்.
இந்நேரம் அந்தப் பள்ளத்தாக்கில்
ஒரு சொட்டுகூட இருக்காது.
காகிதத்தில் மட்டும்
முந்நூறு கிராம் பனி,
என் பெயரில்,
தப்பான எழுத்துக்கூட்டலில்.