நான்கெல்லை

கிழக்கு எளிது.
'வங்காள விரிகுடா' என்று தட்டிவிட்டு
டீ குடிக்கப் போகலாம்.
கடலிடமிருந்து இதுவரை
ஓர் ஆட்சேபணை மனுவும் வந்ததில்லை.

மற்ற மூன்று திசைக்கும்தான்
எழிலகத்தின் இரண்டாம் மாடியில்
பதினொரு வருடமாக எனக்குச் சம்பளம்.

மாநிலத்தை மாவட்டமாக,
மாவட்டத்தைக் கோட்டமாக,
கோட்டத்தை வட்டமாக, அதைக் குறுவட்டமாக,
அதையும் கிராமமாக நறுக்கி வைத்திருக்கிறோம்.
எங்கள் பதிவேட்டில் மயிலாப்பூர் இன்னும் கிராமம்தான்.
குளத்தைச் சுற்றி
வண்டி நிறுத்த இடமில்லாத கிராமம்.

வட்டம் என்கிறோமே தவிர
வட்டமாக ஒன்றையும் நான் வரைந்ததில்லை.
ஒன்று கடித்துவைத்த முறுக்கு.
ஒன்று கொடியில் தொங்கும் கால்சட்டை,
ஒரு கால் கூவத்தில் நனைகிறது.
கோட்டம் என்றால் வளைவு என்கிறது அகராதி.
அந்தப் பெயர் பொருத்தம்.

எல்லை மாறிய அன்று நானும் மாறினேன்.
சோழிங்கநல்லூரில்
காஞ்சிபுரத்துக்காரியாகப் படுத்து
சென்னைக்காரியாக எழுந்தேன்.
கட்டில் நகரவில்லை.
வாடகை நகர்ந்தது.

மாநகராட்சிக்காரர்களின் வட்டம் வேறு.
மண்டலத்துக்குள் எண் போட்டு அடுக்கியிருப்பார்கள்.
வார்டு மறுவரையறைக்கு
எங்கள் வரைபடத்தை இரவல் கேட்டு வந்தபோது
ஹமீதா மேடம்
என்னையும் சேர்த்து இரவல் கொடுத்தார்.

அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன்:
'மேற்கே: கங்காணி தெருவின் மையக்கோடு.'
நான்கு சொல்.
பிழை இல்லை.

ஆட்சேபணைகள் நாற்பத்திரண்டு வந்தன.
நாற்பத்தொன்று கட்சிக் கடிதத்தாளில்.
மிச்சம் ஒன்று
துணிக்கடை ரசீதின் முதுகில், பால்பாயிண்ட் பேனாவில்:

'அம்மா அய்யா அவர்களுக்கு,
ஆர். கன்னியப்பன், இஸ்திரி வண்டி.
காலையில மரத்துக்கு மேற்கே நிப்பேன்.
சாப்பாட்டுக்கு அப்புறம் கிழக்கே.
நிழல் போற பக்கம் வண்டி போவும்.
உங்க கோடு நடுவுல வருது.
நான் எந்த மண்டலம்?
வியாபாரி அட்டை யாரு தருவாங்க?'

பெலிக்ஸ் டேப்போடு போய் அளந்து வந்தான்.
தூங்குமூஞ்சி மரம்.
அடிமரம் பத்தாவது மண்டலம்,
கிளைகளில் பாதிக்கு மேல் ஒன்பதாவது.
நிழலை எங்கே சார் குறிப்பது என்று
எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

கிணற்றுக்குக் குறியீடு உண்டு.
சுடுகாட்டுக்கு உண்டு.
காணாமல்போன எல்லைக்கல்லுக்குக்கூட
ஒரு சின்ன முக்கோணம் உண்டு.

'பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலவில்லை.'
இதையும் நான்தான் தட்டினேன்.

கார்த்திகைப் புயலில் மரம் சாய்ந்தது.
வேர் ஒரு மண்டலம்,
தலை ஒரு மண்டலம்.
பத்தாவதிலிருந்து ரம்பத்தோடு வந்தவர்கள்
தெருவின் நடுப்பகுதி வரை அறுத்து
லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
வெட்டு அவ்வளவு நேர்.
நான் எழுதிய வாக்கியத்தை
யாரோ முதல் தடவையாக
முழுசாகப் படித்திருக்கிறார்கள்.

மீதி மரம் ஒன்பது நாள் கிடந்தது.
இலை காயும்வரை அணில்கள் வந்தன.
பிறகு யாரோ அதன்மேல்
போர்வை காயப்போட்டார்கள்.

பார்க்கப் போனேன். அலுவலாக இல்லை,
கையில் இரண்டு காட்டன் புடவை.
மூன்று மணி வெயில்.
வண்டி மேற்கிலேயே நின்றது.
தள்ளலையா என்று கேட்டேன்,
ஏதோ தெரிந்தவள்போல.

'எங்க தள்ளுறதும்மா?
ரெண்டு பக்கமும் ஒரே வெயிலு.'

பெட்டியைத் திறந்து கரியை ஊதினார்.
புடவைக்கு மேல் தண்ணீர் தெளித்தார்.
பிறகு நினைவு வந்து
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
அட்டையை எடுத்துக் காட்டினார்:
'வந்துடுச்சு. பத்தாவது மண்டலம்.'

நான் யாரென்று சொல்லவில்லை.
அட்டையை வாங்கிப் பார்த்தேன்.
எண் சரி. முத்திரை சரி.
புகைப்படத்தில்
அவர் தலைக்குப் பின்னால்
கொஞ்சம் பச்சை.