சரிவு

ஒன்றரை மீட்டருக்கு ஒன்று எண்பது.
போர்ட்டோவில், ஆறு தெரியாத பக்கத்தில்,
மூன்றாம் மாடிக் குளியலறை.
கதவு உள்ளே திறக்கும்,
திறந்தால் கழுவுதொட்டியில் இடிக்கும்.
சக்கர நாற்காலி அறுபத்துமூன்று சென்டிமீட்டர்,
கதவு ஐம்பத்தெட்டு.
ஐந்துதானே குறைகிறது என்றேன்.
"வாசலிலேயே உட்கார்ந்து
கிண்ணத்தில் வாய் கொப்பளித்து
ஏழு மாதம் இருந்து பாருங்கள், வால்டெமார்"
என்றாள் டியோலிண்டா.
அளவுநாடா தானாகச் சுருண்டுகொண்டது.

முதல் நாள் தொட்டியை உடைத்தோம்.
வார்ப்பிரும்பு. நாலு பேர் தள்ளியும்
நகராத எருமை.
அவள் கணவன் அர்மிந்து
என் கையிலிருந்து சம்மட்டியை வாங்கி
ஓங்கி ஓர் அடி அடித்தான்.
ஒன்றே ஒன்று.
பிறகு சமையலறைக்குப் போய்
கொதிக்காத காபியைப் பார்த்தபடி நின்றான்.
அந்த விளிம்பில்தான் அவள் விழுந்தாளாம்.
இடிபாட்டைச் சாக்கில் கட்டி இறக்கும்போது
இரண்டாம் மாடிக்காரி சொன்னாள்.

டைல்ஸ் கடையில்
நீலப் படம் போட்டவற்றை எடுத்துக் காட்டினேன்.
"ஊர் முழுக்கச் சுவரில் அதுதானே இருக்கிறது.
எனக்குத் தரை சொரசொரப்பாக இருந்தால் போதும்."
வெறுங்காலை ஒவ்வொரு டைலின் மேலும் வைத்து,
கடைக்காரன் முகம் சுளிக்க,
ஒன்பதாவதைத் தேர்ந்தாள்.
பழைய செங்கல் நிறம். எனக்குப் பிடிக்கவில்லை.

கைப்பிடிக் கம்பிக்கு
என் குறிப்பேட்டில் ஓர் உயரம் உண்டு.
எல்லா வீட்டுக்கும் அதே உயரம்.
பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.
அவள் வந்தாள்,
கைப்பையைத் துழாவி உதட்டுச்சாயத்தை எடுத்தாள்,
கண்ணை மூடினாள்,
நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறுவதுபோல் சாய்ந்து
இடது கை போன இடத்தில் இழுத்தாள்.
எழும்போது ஒன்று.
திரும்பும்போது ஒன்று.
தடுமாறினால் என்று ஒன்று.
மூன்று சிவப்புக் கோடுகள்,
ஒன்றும் நேரில்லை.
இருபத்தாறு வருடத் தொழிலில்
வேண்டுமென்றே கோணலாக நான் அடித்த கம்பிகள் அவை.

வெள்ளிக்கிழமை தரை முடிந்தது.
ஒரு ஜாடித் தண்ணீர் கேட்டாள்.
பத்தொன்பது வருடம்
குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள்,
தண்ணீரின் பேச்சு அவளுக்குப் புரியும்.
ஊற்றினாள்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
ஒரு விரல் வடிகாலுக்குப் போனது,
மீதியெல்லாம் மெதுவாகத் திரும்பி
நடைவழிக்குக் கிளம்பியது.

"ரசமட்டம் சரியாகத்தான் காட்டியது" என்றேன்.
"ரசமட்டம் குளிப்பதில்லை" என்றாள்.
அர்மிந்து சமாதானமாக,
"ஒரு துடைப்பான் வைத்துக்கொண்டால் போகிறது."
"யார் துடைப்பது?"

அதற்குமேல் யாரும் பேசவில்லை.
பதினான்கு டைல்களைப் பெயர்த்தேன்.
உளியின் சத்தம் என்னைத் திட்டுவதுபோலவே இருந்தது.
கூலி வாங்கவில்லை என்று சொல்லலாம்தான்;
பாதி வாங்கினேன்.

புதுக் கதவு சுவரோடு நகரும்.
புதுக் கண்ணாடி அவள் முகத்துக்கு நேராக.
நெட்டையான அர்மிந்து அதன்முன் நின்றால்
சட்டையின் மூன்றாவது பொத்தான் தெரிகிறது.
அவளுடைய மடக்கு இருக்கையை விரித்து உட்கார்ந்துதான்
இனிச் சவரம் செய்யவேண்டும்.
உட்கார்ந்து பார்த்தான்.
"இங்கேயிருந்து கூரை எவ்வளவு தூரம்!"
என்று மட்டும் சொன்னான்.

கடைசி நாள் மாலை
நான் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
அவள் உள்ளே போனாள். கதவு நகர்ந்தது.
தாழ்ப்பாள் விழுந்தது.
நானே மாட்டிய தாழ்ப்பாள்தான்,
ஆனாலும் திடுக்கிட்டேன்.
அர்மிந்து துண்டோடு வெளியே நின்றான்.
கதவில் கை வைத்தான், எடுத்தான்,
மறுபடி வைத்தான்.
உள்ளே தண்ணீர் விழுந்தது,
நடைவழிக்கு வரவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு குரல்:
"சோப்பு எட்டவில்லை!"
அவன் கதவை நோக்கிப் பாய்ந்தான்.
"வராதே. இன்றைக்குச் சமாளித்துக்கொள்கிறேன்.
வால்டெமாரிடம் சொல்."

குறிப்பேட்டை எடுத்தேன்.
சோப்புத் தட்டு, ஒன்று.
உயரம் என்ற கட்டத்தில்
எதுவும் எழுதாமல் மூடினேன்.