மூன்று கணு

நுனியிலிருந்து எண்ணி
மூன்றாம் கணுவுக்குக் கீழே, சாய்வாக, ஒரே வெட்டு.
பிளேடை இரண்டாக உடைத்து
எனக்குப் பாதி, கந்தாயிக்குப் பாதி தருவார்
சூப்பர்வைசர் மாதேசன்.
இரண்டாம் முறை அறுத்தால் தண்டு நசுங்கும்,
நசுங்கினால் அழுகும்,
அழுகினது ஆயிரத்தில் கழியும்.
நாங்கள் ஆயிரக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள்.

மருந்துக்கூர்க்கன் என்று பேர்.
கருப்பூருக்கு மேற்கே, வெள்ளைக்கல் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம்,
பச்சை வலைப் பந்தலுக்குள்
பகலே பாசி பிடித்த மாதிரி இருக்கும்.
மதியம் ஒன்றரைக்கு வெடி வைப்பார்கள்.
தட்டில் நட்ட குச்சிகள்
ஒருமுறை தலையாட்டிவிட்டு நிற்கும்.

கீழிலைகளைக் கிள்ளு.
வெட்டுவாயை மருந்துத் தண்ணீரில் முக்கு.
மணலில் விரலால் குழி, குச்சி, சுற்றி ஓர் அழுத்து.
முதல் நாலு நாள் எல்லாம் செத்ததுபோல் தொங்கும்.
புதிதாக வந்தவர்கள் பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டுவார்கள்,
அதில்தான் நிஜமாகவே சாகும்.
ஐந்தாம் நாள் விடியலில் இலை நிமிர்ந்திருக்கும்,
காய்ச்சல் விட்டவன் கஞ்சி கேட்கிற முகத்தோடு.

இந்தக் கிழங்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.
கண்ணில் அழுத்தம் ஏறினவர்களுக்கு மருந்து,
அப்புறம் வெளிநாட்டில்
உடம்பு இளைக்க மாத்திரை என்றார் மாதேசன்.
கந்தாயி தன் மணிக்கட்டை
இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தாள்.
அந்த வளையம்
முழங்கை வரை தடையில்லாமல் ஏறியது.
அன்று முழுக்கச் சிரித்தோம்.

மொட்டைக் கண்டால் கிள்ளச் சொல்லி உத்தரவு.
பூவுக்குப் போகிற சத்து கிழங்குக்குப் போகட்டும்.
விதை யாருக்கு வேண்டும்?
கொல்லையில் நிற்கிற நாற்பதாயிரமும்
எப்போதோ யாரோ கொண்டுவந்த ஒரே செடி,
வெட்ட வெட்ட இடம் மாறி நிற்கிற ஒரே செடி.
அதற்கு என்ன வயது என்று
வேலை நேரத்தில் யோசித்தால் கை தவறும்.
கட்டைவிரலில் இந்தத் தழும்பு அப்படி வந்ததுதான்.

ஒரே செடி,
ஆகவே நோவும் சேர்ந்தே வந்தது.
புரட்டாசியில் பிடுங்கிப் பார்த்தால்
வேரெல்லாம் கடுகு கடுகாக முடிச்சு.
நூற்புழு என்றார் மாதேசன்.
போனில் யாரிடமோ அதையே நாலு தரம் சொன்னார்.
நாலாம் தரம் அவர் குரல்
நட்ட மறுநாள் குச்சியாகத் தொங்கியது.
பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள்.
பதினேழாயிரத்து நானூறு குச்சிக்குக் கூலி பாக்கி.
இன்னும் பாக்கி.

கடைசி நாள் டிபன் பாக்ஸில்
ஈரத்துணி சுற்றிப் பதினொன்று கொண்டுவந்தேன்.
திருட்டு என்றால் திருட்டு,
பாக்கியில் கழித்துக்கொள்ளட்டும்.
புழு வேரோடு சரி, நுனிக்கு ஏறாது.
வடச்சட்டியில் மணலைப் போட்டு வறுத்தேன்.
கிழங்கு மில் வேலை முடித்து வந்தவர்
வாசலில் நின்று மோந்து,
என்ன பலகாரம் என்றார்.

இரண்டு செத்தது. ஒன்பது நிமிர்ந்தது,
உடைந்த பெயிண்ட் வாளியில்.
கார்த்திகையில் ஒன்றில் மொட்டு.
கை தானாகப் போனது.
இரண்டு நகமும் காம்பைத் தொட்ட இடத்தில்
நின்றுவிட்டது.

ஆறு வருசம்.
இது என்ன நிறத்தில் பூக்கும் என்று எனக்குத் தெரியாது.

கந்தாயிக்குப் போன் போட்டேன்.
இரும்பாலை ரோட்டு ஹோட்டலில்
இப்போது வெங்காயம் உரிக்கிறாள்.
ஊதாவா இருக்கும் என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, வெள்ளையோ என்னமோ என்றாள்.
அப்புறம்,
ஞாயித்துக்கிழமை வர்றேன்,
பிளேடு எடுத்துட்டு வரட்டா?