பத்து நாளைக்கு மட்டும்

குலசேகரத்தில் மருந்துக்கடை.
அட்டையை நாலாய் ஆறாய் நறுக்கி
பழுப்புக் கவரில் போட்டு நீட்டுவது என் வேலை.

கிறிஸ்டல்பாயின் சீட்டுக்கு
ரேஷன் கார்டுபோல பிளாஸ்டிக் உறை உண்டு.
டாக்டர் எழுதியது பத்து நாளைக்கு.
மடிப்பு கிழிந்து தேதி போய்விட்டது.
அந்த டாக்டரும் போய்ச் சேர்ந்தார்.
சீட்டு மட்டும் ஆறு வருசமாய்
செவ்வாய்தோறும் கடைக்கு வந்தது.

"பால்வெட்டுக்கு ரெண்டு மணிக்கு எளும்பணும் தம்பி.
ஏழுக்கே படுத்தாத்தான் முடியும்.
அடுத்த வீட்டு டிவி, மகனுக்க பைக்கு,
கண்ணு எங்க அடைய?"
முதலாளி தலை தூக்காமல்
"தெரிஞ்ச ஆளுதான், குடு" என்பார்.

அரை, ஒன்றானது.
ஒன்று, ஒன்றரை.
அந்தக் கணக்கு எனக்கும்
என் கத்தரிக்கோலுக்கும்தான் தெரியும்.

பிறகு
சில்லறையை இரண்டு தடவை எண்ணினாள்.
வாங்கிப்போனதை மறந்து
மத்தியானமே திரும்பி வந்தாள்.
தோட்டத்தில்
வெட்டிய மரத்தையே மறுபடி வெட்ட,
கத்தி பட்டை தாண்டித் தடியில் இறங்கி
கூலியில் பிடித்தார்களாம்.
ஒருநாள் பகல் பத்து மணிக்கு
நெற்றி விளக்கு எரிய எரிய
கடை வாசலில் வந்து நின்றாள்.
சிரித்தோம்.
நானும்தான்.

ஆவணியில், மார்த்தாண்டத்தில் சோதனை என்று போன் வந்தது.
முதலாளி அட்டைகளை வாரி மூட்டை கட்டினார்.
செவ்வாய்.
"இல்லக்கா. புதுச் சீட்டு வேணும்."
"ஒண்ணே ஒண்ணு."
"இல்லக்கா."
அன்றைக்குத்தான் முதன்முதலாய்ச் சட்டம் பேசினேன்.
வீட்டுக்குப் போய்
மரச்சீனியும் மீன்குழம்பும்
இரண்டாம் தடவை வாங்கித் தின்றேன்.

நாலாம் நாள் விடியுமுன்
சிரட்டைகள் உருளும் சத்தம் கேட்டு
பக்கத்து வரிசையிலிருந்து ஆல்பின் ஓடியிருக்கிறான்.
கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க,
வாளி கவிழ்ந்து
தலைமுடியில் பால் உறையத் தொடங்கியிருந்ததாம்.
ஆசாரிப்பள்ளத்தில் டாக்டரம்மா கேட்டாராம்,
யார் இதைச் சட்டென்று நிறுத்தச் சொன்னது என்று.

ஆறு வருசம் கொடுத்ததற்கு
யாரும் என்னைக் கேட்டதில்லை.
கேட்டிருந்தால், சீட்டு இருந்தது என்றிருப்பேன்.
இதற்கு என்ன சொல்ல?

இப்போது புதுச் சீட்டு, தேதியோடு.
கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைக்கணும்,
மாசக்கணக்கில்.
கண்ணாடித் துண்டில் வைத்து
பிளேடால் மாத்திரையை நாலாக்குகிறேன்.
ஒரு துண்டு எப்போதும் நொறுங்கிவிடும்.
பழைய கத்தரிக்கோல் கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிறது.

ஐப்பசி மழை. வெட்டு இல்லை.
"ராத்திரி என்னக்கா செய்வீங்க?"
"முழிச்சிட்டுக் கெடப்பேன்.
தகரத்துல தண்ணி வந்து விழும்.
இத்தன வருசம் மழை பெஞ்சதே
எனக்குத் தெரியாதுலே."
சொல்லும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

கவரை மடித்து நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு படியிறங்கியவள் திரும்பினாள்,
கண்ணாடியைப் பார்த்து:
"அந்தப் பொடியையும் மடிச்சுத் தா."